மகன் பாதியில் விட்ட கதை

கேள்வி: அக்கா, எனக்கு வயது 49. சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவருக்கு செம்பனை ஆலையில் இரவு வேலை. மகன் பிளேஸ்டேஷன் 4-இல், காளான் தொற்றி மனிதர்கள் பூதமாகும் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டை விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே பார்ப்பேன். ஜோயலும் அந்தப் பெண்பிள்ளை எல்லியும் என்ன ஆவார்களோ என்று எனக்கும் மனசு ஒட்டிக்கொண்டது. இப்போது அவன் சிந்தோக்கில் படிக்கப் போய்விட்டான். கதை ஒரு ஹோட்டலின் இருட்டுக் கீழ்த்தளத்தில் நிற்கிறது. நானே முயன்றேன். மூன்று நாளாகச் செத்துக்கொண்டே இருக்கிறேன். ராத்திரி தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. செம்பனைக் காளானைத் தொட்டாலே கை கூசுகிறது. பக்கத்து வீட்டு அக்கா, “இந்த வயதில் பேய் விளையாட்டா?” என்று சிரிக்கிறார். விட்டுவிடட்டுமா? முடிவையாவது சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, முடிவைச் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அது சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டே இல்லை. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்று அட்டையிலேயே முத்திரை போட்டு விற்றார்கள். உங்களுக்கு 49. தகுதி தாராளமாக இருக்கிறது.

அப்புறம் அந்த ஹோட்டல். பிட்ஸ்பர்க் நகரத்து ஹோட்டலின் கீழ்த்தளம்தானே? 2013-இல் இந்த விளையாட்டு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேரை அலற வைத்த இடம் அது. என் அக்கா மகன் வீட்டில் நானும் அங்கே மாட்டிக்கொண்டு, கையிலிருந்த மைலோவைச் சோபாவில் கொட்டியிருக்கிறேன். உங்கள் மகன் சரியாக அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழகம் போனது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் செய்யும் தவறு என்ன என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஜெனரேட்டரைக் கண்டதும் கயிற்றை இழுத்துவிடுகிறீர்கள். நம் கை அப்படிப் பழகியது. லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இருட்டு என்றால் அடுத்த வேலை என்ஜின் போடுவது. எங்கள் தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு என்ஜினை நிறுத்துவார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் மற்ற சத்தங்கள் எல்லாம் காதில் விழும். இங்கே நேர்மாறு. என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒளிந்திருந்தவை எல்லாம் பாய்ந்து வரும், கூடவே அந்தப் பெரிய பூதமும். அதனால் முதலில் கதவைத் திறக்கும் அட்டையைத் தேடி எடுங்கள். வெளியே போகும் கதவு எங்கே என்று இரண்டு தடவை நடந்து பழகுங்கள். அதற்குப் பிறகு கயிற்றை இழுங்கள். இழுத்தவுடன் ஓடுங்கள். சண்டை போட நிற்க வேண்டாம், அங்கே வீரத்துக்குப் பரிசு கிடையாது.

காளான் தொற்றிய மனிதர்களில் ஒரு வகையான கிளிக்கர்களுக்குக் கண் கிடையாது. முகத்தைப் பிளந்துகொண்டு காளான் வளர்ந்துவிட்டதால், வௌவால் மாதிரி சத்தம் போட்டுத்தான் வழி அறிகின்றன. டார்ச் வெளிச்சம் அவற்றுக்குத் தெரியாது, உங்கள் காலடி கேட்கும். குனிந்து, கண்ட்ரோலரில் உள்ள குச்சியை லேசாகத் தள்ளி நடங்கள். செங்கல்லோ பாட்டிலோ கிடைத்தால் கையில் வைத்திருங்கள். தூர எறிந்தால் சத்தம் வந்த பக்கம் போய்விடும். டார்ச் மங்கினால் கையிலிருக்கும் கண்ட்ரோலரைக் குலுக்க வேண்டும், நாம் உள்ளங்கையில் தட்டுவோமே, அதே மாதிரி. பயமாக இருக்கிறது என்று ஒலியைக் குறைத்துவிடாதீர்கள், காது போனால் எல்லாம் போச்சு. வெளிச்சத்தை வேண்டுமானால் அமைப்பில் கூட்டிக்கொள்ளுங்கள். கடினத்தையும் ‘ஈசி’க்கு மாற்றிவிடுங்கள், யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. முக்கியமாக, உங்கள் ஆட்டத்தை வேறு இடத்தில் சேமியுங்கள். மகனுடையதன் மேலேயே சேமித்துவிட்டால் தீபாவளிக்கு வந்து வீட்டையே இரண்டாக்கிவிடுவான்.

ராத்திரியில் எதற்கு விளையாடுகிறீர்கள்? மத்தியானம் சமையல் முடிந்ததும், கதவைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம். போதும். கணவரும் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், குறட்டைச் சத்தம் துணைக்கு இருக்கும்.

காளான் விஷயம். கதையில் வரும் கார்டிசெப்ஸ் நிஜமான பூஞ்சைதான். மழைக்காடுகளில் அதன் உறவுப் பூஞ்சை ஒன்று எறும்பைப் பிடித்து, அதன் நடத்தையை மாற்றி, இலையைக் கவ்விக்கொண்டு சாகும்படி செய்து, தலையிலிருந்து முளைக்கும். மனிதரைப் பிடிப்பது கதாசிரியர் சேர்த்தது. நிஜத்தில் பூஞ்சைக்குப் பயப்பட வேண்டியவை உங்கள் ஊர்ச் செம்பனைகள்தான். அடிமரத்தை அழுக வைத்து மரத்தையே சாய்க்கும் கானோடெர்மாவும் ஒரு பூஞ்சைதானே, தோட்டத்தில் அதைப் பார்த்திருப்பீர்கள். காய் எடுத்த குலைச் சக்கையில் முளைக்கும் செம்பனைக் காளானை நீங்கள் வழக்கம்போலச் சமைக்கலாம். எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள்.

முடிவுக்கு வருகிறேன். யூடியூபில் முழுக்கதையும் கிடைக்கிறது, பார்த்துவிடலாம். ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் இந்த விளையாட்டு உங்கள் விரலாலேயே ஒரு காரியத்தைச் செய்ய வைக்கும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது ஜோயல் செய்தது. கண்ட்ரோலரைப் பிடித்திருப்பவருக்கு அது தான் செய்தது. பிள்ளை வளர்த்தவர் நீங்கள், அந்த இடத்தில் உங்களுக்குள் என்ன நடக்கும் என்பதை நான் முன்கூட்டியே சொல்லிக் கெடுக்கக் கூடாது. அதற்கு முன் குளிர்காலப் பகுதி வரும். எல்லிக்கு அங்கே நடப்பதைப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அன்றைக்கு மகனுக்கு போன் போட்டு, பேசிக்கொண்டே விளையாடுங்கள்.

வசந்த காலம் வந்ததும் இடிந்த கட்டடம் ஒன்றின் மேல் எல்லி திடீரென்று முன்னால் ஓடுவாள். பின்னாலேயே போங்கள். அவள் நிற்கும் இடத்தில் நீங்களும் நின்று, எந்தப் பட்டனையும் தொடாமல் வேண்டிய மட்டும் பாருங்கள். விளையாட்டு உங்களை அவசரப்படுத்தாது. அங்கே என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.