உள்ள வந்துதான் ஒண்டுக்குப் போகுது!

கேள்வி: ரெண்டு மாச நாய்க்குட்டி, வெளியில விட்டா சும்மா நிக்குது, உள்ள வந்தவுடன பாய்லயே போகுது. இவர் மூஞ்சியப் பிடிச்சு அதில தேய்க்கச் சொல்றார், சரியோ? - வாசகி, உப்புவெளி

பதில்: ஐயோ தேய்க்காதேங்கோ தங்கச்சி, பிறகு பயத்தில கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருந்து போகப் பழகிடும். இந்த வயசில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல அடக்கிறது கஷ்டம், அதால நித்திரையால எழும்பினவுடன, சாப்பிட்டவுடன, விளையாடி முடிய எண்டு ஒவ்வொருக்காவும் முத்தத்தில ஒரே வேப்பமரத்தடிக்குக் கொண்டு போங்கோ, போய் முடிச்ச கையோட அங்கயே முள்ளெடுத்த மீன்துண்டு ஒண்டு குடுங்கோ, உள்ள வந்து குடுத்தா எதுக்கெண்டு அதுக்கு விளங்காது. பாயைக் கழுவி வெயில்ல போடுங்கோ, மணம் நிண்டா திரும்பவும் அங்கதான் போகும். தடுப்பூசி முடியுமட்டும் கடற்கரைப் பக்கம் விடாதேங்கோ, பார்வோ எண்ட வைரஸ் நோய் குட்டியளுக்குப் பொல்லாதது. இவருக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ!