ஊறுகாயும் மர மத்தும் ஒரே வீட்டில்: விலை, லைசென்ஸ், வெடிப்பு

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் எலுமிச்சை, நார்த்தங்காய், பூண்டு ஊறுகாய் போடுகிறார். வீட்டுக்காரர் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர், இப்போது வீட்டுத் திண்ணையிலேயே மத்து, கரண்டி, சப்பாத்திக் கட்டை செய்கிறார். தென்காசியில் ஒரு கடை இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, விற்கும் விலையில் 35 சதவீதம் கழிவு கேட்கிறதாம். கொடுக்கலாமா, லைசென்ஸ் என்னென்ன வேண்டும், மரச்சாமான் வெடிப்பதற்கு என்ன செய்வது, கூரியரில் எண்ணெய் கசிகிறதே, கடன் வாங்கிப் பெரிதாகச் செய்யலாமா. இவ்வளவும் ஒரே கடிதத்தில்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவரும் செய்வது ஒரு தொழில் இல்லை, இரண்டு தொழில். ஊறுகாய் பாட்டில் இரண்டு மாதத்தில் காலியாகும், பிடித்திருந்தால் அதே ஆள் திரும்ப வருவார். நல்ல மத்து வாங்கியவர் பத்து வருடத்துக்கு உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, ஏனென்றால் அது நல்ல மத்து. ஆகவே மாதச் செலவுக்கு ஊறுகாயை நம்புங்கள், மரச்சாமானில் ஒவ்வொன்றிலும் லாபம் நிற்கும்படி விலை வையுங்கள், எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள். இரண்டுக்கும் ஒரே கணக்கு நோட்டு வைத்திருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். எது எதற்குச் சோறு போடுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இப்போது அந்த 35 சதவீதம். ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம், உங்கள் ஊர் விலையை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். எலுமிச்சை 10 கிலோ, கிலோ 50 ரூபாய் என்றால் 500. உப்பு ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 40 ரூபாய். வத்தல் தூள் 600 கிராம் 180, நல்லெண்ணெய் ஒன்றரை லிட்டர் 540, வெந்தயம் காயம் மஞ்சள் எல்லாம் சேர்த்து 140, கேஸ் 60. மொத்தம் 1,460. விதை, வெயிலில் வற்றும் நீர் போக 12 கிலோ கிடைத்தால் 300 கிராம் பாட்டில் 40 வரும், ஒன்றுக்கு 36 ரூபாய் 50 காசு. பாட்டில், மூடி, சீல், லேபிள் 24 ரூபாய். இதுவரைக்கும் எல்லோரும் போடும் கணக்கு. அறுபது ரூபாய்தான் ஆகிறது, நூறுக்குக் கொடுத்தால் நாற்பது லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நறுக்குவது, வெயிலில் வைத்துக் கிளறுவது, தாளிப்பது, நிரப்புவது, துடைத்து ஒட்டுவது என எல்லாம் சேர்த்து நாலு ஆள் வேலை இருக்கிறது. ஆளுக்கு 500 ரூபாய் கூலி வைத்தால் பாட்டிலுக்கு 50. உடைவது, ருசி பார்க்கக் கொடுப்பது, வண்டி வாடகை 8. ஆக அடக்க விலை 118 ரூபாய் 50 காசு. 180 ரூபாய் விலை போட்டு கடைக்கு 35 சதவீதம் கழித்தால் உங்கள் கைக்கு வருவது 117. கூலிக்கு வேலை செய்துவிட்டு ஒன்றரை ரூபாயையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்! விற்காமல் திரும்பி வரும் பாட்டில் யார் தலையில் என்பதையும் கேட்டு வையுங்கள், பெரும்பாலும் அது உங்கள் தலையில்தான் இருக்கும்.

கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் வாடகை, கரண்ட் பில் உண்டு. ஆனால் இந்த அளவில் உங்களுக்குக் கட்டாது. நேராக விற்கும் பாட்டில் பாதிக்கு மேல் இருக்கட்டும். கடைக்கு வேண்டுமானால் 20 சதவீதத்துக்கு, கையில் காசு என்ற பேச்சில் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள்.

உங்கள் ஊரில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. எலுமிச்சை விலை ஆடும் ஆட்டம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கோடையில் ஏறி மழைக்காலத்தில் தரையைத் தொடும். விலை விழும்போது வாங்கி நறுக்கி உப்பில் மட்டும் ஊறப்போட்டு ஜாடியில் வைத்துக்கொள்ளுங்கள். காரமும் எண்ணெயும் சேர்ப்பது ஆர்டர் வந்தபிறகு, சின்னச் சின்னத் தடவையாக. உப்பில் ஊறிய காய் மாதக்கணக்கில் நிற்கும், முதல் முடங்குவது காயிலும் உப்பிலும் மட்டும்தான், எண்ணெயிலும் பாட்டிலிலும் இல்லை. உப்பைக் கைப்பிடியால் அளக்காதீர்கள், தராசில் போடுங்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி உப்பு நீரில் ஊறும் ஊறுகாய்க்குக் குறைந்தது 12 சதவீதம் உப்பு இருக்க வேண்டும். எண்ணெய் ஊறுகாய் என்றால் காய்க்கு மேலே அரை சென்டிமீட்டர் எண்ணெய் நிற்க வேண்டும், அல்லது மொத்தத்தில் 10 சதவீதமாவது எண்ணெய் இருக்க வேண்டும். நம் பாட்டிமார் கையளவும் ஏறக்குறைய இதே கணக்குக்குத்தான் வரும், ஆனால் விற்கிற பொருளில் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர வேண்டுமே.

பூண்டு ஊறுகாய் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். எலுமிச்சைக்குத் தன் புளிப்பே காவல். பூண்டுக்குப் புளிப்பு கிடையாது, அதை எண்ணெயில் முக்கி மூடினால் காற்றில்லாத இடத்தில் வளர்ந்து உயிருக்கே ஆபத்தான விஷம் உண்டாக்கும் போட்டுலினம் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. கெட்டுப்போன வாடைகூட வராது, அதுதான் பயம். புளிக்கரைசலோ வினிகரோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகச் சேர்த்து வேகவைத்து, பூண்டின் உள்ளே வரை புளிப்பு ஏறியிருக்க வேண்டும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே என்பது எல்லைக்கோடு, நீங்கள் 4க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். சின்ன பிஎச் மீட்டர் ஒன்று வாங்குங்கள். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் பூண்டையும் விழுதையும் சேர்த்து அரைத்து அளக்க வேண்டும், மேலே நிற்கும் சாற்றை மட்டும் அளந்து பயனில்லை. இது முடியாது என்றால் பூண்டை விட்டுவிடுங்கள், எலுமிச்சையும் நார்த்தங்காயும் போதும். ஜாம் போடலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதற்கு 65 சதவீதக் கரைபொருள் (பெரும்பாலும் சர்க்கரை), 45 சதவீதப் பழம் என்று தனிக் கணக்கு, தனிக் கருவி, எதிரே நிற்பதோ பெரிய கம்பெனிகள்.

லைசென்ஸ் பயப்படும் அளவுக்கு இல்லை. வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சிறு உற்பத்தியாளருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் என்றும், ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை என்றும் பல வருடமாக நடைமுறையில் இருந்தது, இப்போது மாறியிருக்கலாம். விண்ணப்பிக்கும் நாளில், இந்தப் பதிவுக்கான அரசு இணையதளமான ஃபாஸ்காஸில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். கூடவே பொருட்கள் அதிக அளவிலிருந்து குறைந்த அளவு வரிசையில், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி, எதற்குள் சாப்பிட வேண்டும், பேட்ச் எண், முகவரி, புகாருக்குப் போன் நம்பர், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். ‘சுகரைக் குறைக்கும்’, ‘பித்தம் தீரும்’ என்றெல்லாம் அச்சடித்துவிடாதீர்கள், வம்பு.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. கடைசல் எந்திரம் ஓடும் திண்ணையிலேயே ஊறுகாயும் நிரப்புகிறீர்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கும் தூசு கண்ணுக்கே தெரியாது, மணிக்கணக்காக மிதந்து பாட்டில் வாயில் படியும். அலுவலர் வந்து பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். பட்டறையை வீட்டுக்குப் பின்னால், காற்று போகிற திசைக்கு மாற்றுங்கள். செலவென்று பார்த்தால் நாலு தகரம்தான்.

சரி, வெடிப்புக்கு வருவோம். பச்சை மரத்தைக் கடைந்தால் வெடிக்கத்தான் செய்யும். மரத்தின் ஈரம் வெட்டுவாய் வழியாகத்தான் வேகமாக வெளியேறும், பக்கவாட்டில் மெதுவாகத்தான் போகும். முனை சுருங்கும்போது நடுப்பகுதி இன்னும் உப்பியே இருக்கிறது, அந்த இழுபறியில் முனை விண்டுபோகிறது. கட்டை வந்த அன்றைக்கே இரண்டு முனையிலும் உருக்கிய மெழுகோ மிச்சமிருக்கும் பெயிண்டோ அடித்துவிடுங்கள். அடுத்த வாரம் அடித்தால் பிரயோஜனமில்லை. தடியை முழுசாகப் போட்டு வைக்காமல் நெடுக இரண்டாகப் பிளந்து, நட்ட நடுவில் இருக்கும் சோற்றை, அதாவது மெத்தென்ற உள்தண்டை, நீக்கிவிடுங்கள், வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பிறகு நிழலில், தரை படாமல், இடையில் குச்சி வைத்து அடுக்குங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஊறுகாய்க்கு வாங்கிய அதே தராசு இங்கேயும் உதவும். நாலைந்து கட்டைக்கு நம்பர் போட்டு வாரம் ஒருமுறை எடை எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு இடத்தில் நின்று, மூன்று நாலு வாரம் அசையாமல் இருந்தால் மரம் ரெடி. கிண்ணம் மாதிரிப் பெரிய சாமானுக்குக் காத்திருக்க வேண்டாம், பச்சையிலேயே சுவர் தடிமனாக விட்டு, அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் என்ற கணக்கில், முரட்டு வடிவமாகக் கடைந்து வைத்துக்கொண்டு காய்ந்தபிறகு இன்னொரு தடவை கடையலாம். கோணினாலும் சரிசெய்ய இடம் இருக்கும்.

சமையல் சாமானுக்கு வேம்பு, புளி, பூவரசு, வாகை எல்லாம் நன்றாக இருக்கும், வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுங்கள். ஓரத்து வெள்ளை மரத்தில் மாவுச்சத்து இருக்கிறது, பூச்சி அதைத்தான் தேடி வரும், வாங்கியவர் வீட்டு அலமாரியில் மாவு கொட்டினால் அந்தத் தெருவிலேயே உங்கள் பெயர் போய்விடும். மெருகுக்கு வார்னிஷ் அடிக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். கொதிக்கிற குழம்பில் இறங்கும் கரண்டிக்கு வார்னிஷும் வேண்டாம், அரக்கும் வேண்டாம், சூட்டில் அரக்கு இளகும். சொப்புச் சாமானுக்கு அரக்கு அழகு, அது வேறு. கரண்டியை ஒருதடவை தண்ணீரில் நனைத்துக் காயவிட்டால் நார் எழுந்து நிற்கும், அதை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, சாப்பிடுவதற்கென்று விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு வாரம் காற்றில் கிடந்தால் இறுகிவிடும். இரும்புக் கடையில் ‘டபுள் பாயில்ட்’ என்று விற்பது பெயிண்ட் வேலைக்கானது, சீக்கிரம் காய உலோக உப்பு கலந்திருக்கும், அதைத் தொடாதீர்கள்.

குற்றாலத்தில் 60 ரூபாய்க்கு மெஷின் கரண்டி விற்கிறது, நாங்கள் 250 சொன்னால் சிரிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கரண்டியோடு மோதவே மோதாதீர்கள். அதில் கிடைக்காததைச் செய்யுங்கள்: பானை அளவு கேட்டுச் செய்யும் கீரை மத்து, சமையல்காரர்களுக்கு நீளமான துடுப்பு, பழைய அஞ்சறைப் பெட்டிக்கு மூடி, இடதுகைக்காரருக்கு வாய் திருப்பி வெட்டிய தோசைக் கரண்டி. ஆர்டர் எடுத்துச் செய்யும் சாமானுக்கு யாரும் மெஷின் விலை சொல்லிப் பேரம் பேசுவதில்லை, பாதிப் பணம் முன்னாலேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஊறுகாய்க்குக் கூட்டம் உங்களைச் சுற்றியே இருக்கிறது. ஜூனிலிருந்து குற்றாலச் சீசன், சங்கரன்கோவில் ஆடித்தபசு, கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள். வந்தவர் கையில் பாட்டிலோடு வாட்ஸ்அப் நம்பரும் போக வேண்டும், வெளியூர்க்காரர் இரண்டாவது பாட்டிலைக் கூரியரில்தான் வாங்குவார். கசிவுக்குக் காரணம் முக்கால்வாசி மூடியில் இல்லை, பாட்டில் வாயில் ஒட்டிய எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இண்டக்ஷன் சீல் (வாயில் சூட்டில் ஒட்டும் அலுமினியத் தாள்) பிடிக்காது. புனல் வைத்து நிரப்பி, வாயைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து, அப்புறம் சீல் போடுங்கள். ஊறல் அடங்காத காயைப் பாட்டிலில் அடைத்தாலும் வாயு கிளம்பி எண்ணெயைத் தள்ளும். என்னைக் கேட்டால் கூரியருக்கு ஏற்ற சரக்கு உங்கள் உப்பு நார்த்தங்காய்தான்: சுருளாக நறுக்கி உப்படைத்து நன்றாகக் காயவைத்தது. எண்ணெய் இல்லை, உடையாது, எடையும் குறைவு. பரிசுப் பெட்டியாகக் கொடுத்தால் மரக்கரண்டியைப் பாட்டிலுக்கு வெளியே கட்டுங்கள், உள்ளே போட்டால் உப்பும் புளிப்பும் கரண்டியைக் கறுக்க வைக்கும்.

ஜிஎஸ்டியில் ஒரு விசித்திரம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் செங்கோட்டையைத் தாண்டி கேரளத்துப் புனலூருக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் விற்றால் அது வெளிமாநில விற்பனை, பதிவு கட்டாயம். கையால் செய்த மரச்சாமான் கைவினைப் பொருள் பட்டியலில் வருவதால் சிறு அளவில் விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அதற்குப் பான் எண்ணும், சரக்கு மாநிலம் தாண்டும்போது மதிப்பு எவ்வளவானாலும் இ-வே பில்லும் (ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும். ஆகவே இப்போதைக்கு ஊறுகாயை மாநிலத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், பெங்களூரிலிருந்து ஆர்டர் குவிந்தால் பதிவு எடுங்கள்.

கடன் இப்போது ஊறுகாய்க்குத் தேவையே இல்லை. கடைசல் எந்திரம் மாற்ற வேண்டும் என்றால் மட்டும், வீட்டுக்காரருக்கு 35 வயது ஆகியிருந்தால், மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றிக் கேளுங்கள். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்றுதான் 2025ல் தொடங்கினார்கள். நீங்கள் மகளிர் குழுவில் இருந்தால் வட்டார அலுவலகத்தில், குழுக்களின் பொருட்களை விற்கும் மதி அங்காடிக்குச் சரக்கு கொடுப்பதைப் பற்றியும் விசாரியுங்கள், அங்கே எத்தனை சதவீதம் பிடிக்கிறார்கள் என்பதைக் கேட்டு மேலே போட்ட கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.