வாசகர் கேள்வி பதில்: விடுபட்ட நாளைச் சுட்டிக்காட்டாதீர்கள்

மென்பொருள் வடிவமைப்பாளர், கோவை: மனநல ஆலோசனை மையம் ஒன்றுக்காகக் கைபேசிச் செயலி உருவாக்கி வருகிறோம். நாள்தோறும் மனநிலையைப் பதிய வேண்டும். இடைவிடாமல் பதிபவருக்குப் பதக்கம், விடுபட்டால் நினைவூட்டல் என்று திட்டம். இது சரிதானா?

பதக்கத்தைக் கைவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். மனச்சோர்வு முற்றியிருக்கும் நாளில் எழுந்து பல் துலக்குவதே பெரும்பாடாக இருக்கும். அப்படி நான்கு நாள் கிடந்துவிட்டுச் செயலியைத் திறப்பவரிடம் ‘உங்கள் 23 நாள் தொடர் அறுந்துவிட்டது’ என்று காட்டினால், ‘இதைக்கூட என்னால் செய்ய முடியவில்லையே’ என்று ஏற்கெனவே தன்னை நொந்துகொண்டிருப்பவருக்கு அது இன்னொரு சாட்சியாகிவிடும். விடுபட்ட நாள்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், விட்ட இடத்திலிருந்தே திரை திறக்கட்டும்.

நினைவூட்டலில் இன்னும் கவனம் தேவை. நம் வீடுகளில் கைபேசி ஒருவர் கையிலேயே இருப்பதில்லை. மின்கட்டணம் செலுத்த மகன் எடுப்பார், பாட்டுக் கேட்கப் பேத்தி எடுப்பாள். பூட்டிய திரையில் ‘மனச்சோர்வு மாத்திரை போட்டீர்களா?’ என்ற வரி ஒளிர்ந்தால், வீட்டாரிடம் சொல்லாமல் வைத்திருந்தது அம்பலமாகிவிடும். செயலியின் பெயரும் சின்னமும்கூட நோயைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் இரகசியமாக இருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவருக்கு அளித்துள்ள உரிமை.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, பயன்படுத்தப்போகிறவர்களை இப்போதே அழைத்து, உரிய ஊதியம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். பிரிட்டனில் தற்கொலைத் தடுப்புக்காகப் பல்லாண்டுகள் உழைத்த சமாரிட்டன்ஸ் அமைப்பு, 2014 அக்டோபர் 29 அன்று ‘ரேடார்’ என்ற சேவையைத் தொடங்கியது. ட்விட்டரில் நாம் பின்தொடரும் ஒருவரின் பதிவில் மனமுடைந்த சொற்கள் தென்பட்டால், அது நமக்கு மின்னஞ்சல் அனுப்பும். கண்காணிக்கப்பட்டவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர் துவண்டிருக்கும் நேரம், அவருக்குத் தீங்கு நினைப்பவருக்கும் தெரிந்துவிடும் நிலை. மனநலச் சிக்கலோடு வாழ்பவர்களே கடுமையாக எதிர்த்தார்கள். நவம்பர் 7 அன்று சேவையை நிறுத்த வேண்டியதாயிற்று. அவ்வளவு நல்ல நோக்கம் கொண்டவர்களுக்கே இப்படி நேர்ந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

வாசகி, மதுரை: என் தம்பிக்குப் பதற்ற நோய். மருத்துவரைப் பார்க்க இணையத்தில் முன்பதிவு செய்யும்போது, நிரப்பி முடிப்பதற்குள் ‘நேரம் முடிந்தது’ என்று படிவம் அழிந்துவிடுகிறது. மறுபடி முயலவே பயப்படுகிறான்.

குறை தம்பியிடம் இல்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். படிவத்தில் நேர வரம்பு வைத்தால், அது முடியுமுன் எச்சரித்து, ஒரே பொத்தானில் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும் என்பது இணையதளங்களை எல்லோரும் தடையின்றிப் பயன்படுத்துவதற்கான உலகளாவிய இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளில் உள்ள வழிமுறைகளில் ஒன்று. அதை எடுத்துக்காட்டி அந்த மருத்துவமனைக்கு எழுதுங்கள். அதுவரை, தம்பி பக்கத்தில் அமர்ந்திருக்க, தொலைபேசியில் நீங்களே பதிவு செய்துகொடுங்கள். இரவில் பதற்றம் கூடினால் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.