கோட்டேஷனைப் பார்க்கும் முன் கேமரா ஃபைலைப் பாருங்கள்

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து வீடியோ எடுக்கிறேன். சோனி கேமரா இரண்டு; எல்லாம் 4கே. பிரீமியர் புரோவில் எடிட் செய்கிறேன். லேப்டாப்பில் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. மானிட்டர் இருக்கிறது, 70 ஆயிரத்துக்குள் ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்யக் கேட்டேன். இரண்டு கோட்டேஷன் வந்தது. ஒன்று, பழைய 4ஆம் தலைமுறை ஐ7, 16 ஜிபி ராம், ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு. விலை பாதிக்கும் கீழே. இன்னொன்று, புது ஐ5-12400எஃப், 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3050, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். எதை எடுக்கலாம்?

பதில்: முதலாவதை விட்டுவிடுங்கள். இரண்டாவதில் சிலவற்றை மாற்றி எடுக்கலாம்.

ஐ7 என்ற பெயருக்கு மயங்க வேண்டாம். 4ஆம் தலைமுறை 2013இல் வந்தது. ஹெச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் முழுமையான வன்பொருள் வசதி அந்தச் சிப்பில் இல்லை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியலிலும் அது இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஜிடி 730 படம் காட்டுவதற்கு ஆகும், எடிட்டிங்குக்கு ஆகாது.

இனி உங்கள் டைம்லைன் ஏன் திக்குகிறது என்று பார்ப்போம். கேமரா எழுதும் ஃபைல் பலமாகச் சுருக்கப்பட்டது. பல ஃபிரேம்களில் முழுப்படம் இருக்காது, முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களோடு என்ன வித்தியாசம் என்பது மட்டும் இருக்கும். நீங்கள் மவுஸை ஓரிடத்தில் வைத்தால் கம்ப்யூட்டர் அருகிலுள்ள முழு ஃபிரேமைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். இதற்கென்றே தனிச் சுற்று ஒன்று சிப்பில் இருந்தால் வேலை சுளுவாக முடியும். இல்லையென்றால் மொத்தப் பாரமும் பிராசஸர் தலையில் விழும். அந்தத் தனிச் சுற்று எல்லா வகை ஃபைலையும் ஏற்காது என்பதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

ஆகவே முதல் வேலை இது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, உங்கள் கிளிப் ஒன்றை அதில் போடுங்கள். ஃபார்மேட் (சுருக்கும் முறை), பிட் டெப்த் (நிறத்தின் நுணுக்கம்), குரோமா சப்சாம்பிளிங் (நிறத் தகவலை எவ்வளவு குறைத்திருக்கிறது) என்ற மூன்று வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சோனி மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ் என்றால் ஹெச்.264, எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் என்றால் ஹெச்.265.

4:2:0, 8 பிட் என்று வந்தால் கவலையே இல்லை. இப்போதைய தலைமுறைக் கார்டு எதுவும், இன்டெல் சிப்பில் கூடவே வரும் கிராஃபிக்ஸும் சமாளிக்கும். 4:2:2, 10 பிட் என்று வந்தால் கதை வேறு. ஆர்டிஎக்ஸ் 3050 மட்டுமல்ல, 3060, 4060 கூட 4:2:2ஐ வன்பொருளில் விரிக்காது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பிலிருந்து க்விக் சின்க் என்ற பகுதி ஹெச்.265 4:2:2ஐ ஏற்கும். ஆனால் அது சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸோடு சேர்ந்தது. பெயரின் கடைசியில் எஃப் வந்தால் அந்த கிராஃபிக்ஸும் இல்லை, க்விக் சின்க்கும் இல்லை. கொஞ்சம் விலை குறைகிறது, கேமிங்குக்கு எப்படியும் கார்டு போடுவார்கள் என்பதால் கடைக்காரர்கள் எஃப் சிப்பைத் தாராளமாகத் தருகிறார்கள். உங்கள் ஃபைல் 4:2:2 என்றால், இரண்டாவது கோட்டேஷனில் சிப்பும் உதவாது, கார்டும் உதவாது. 70 ஆயிரம் கொடுத்தபின்னும் டைம்லைன் திக்கும்.

ஹெச்.265 4:2:2 எடுப்பவராக இருந்தால் எஃப் இல்லாத 12400 போதும். கொஞ்சம் கூட்ட முடிந்தால் 14 கோர் உள்ள 13500 அல்லது 14500. கார்டை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். பின்னால் கார்டு போடும்போது பல மதர்போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். பயாஸில் போய் மல்டி மானிட்டர் என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் க்விக் சின்க் உயிரோடு இருக்கும்.

ஹெச்.264 4:2:2 எடுப்பவருக்கு இந்தச் சிப்களின் க்விக் சின்க்கும் கைகொடுக்காது. டெஸ்க்டாப் கார்டுகளில் அதை வன்பொருளில் விரிப்பது என்விடியாவின் 50 வரிசை. அதில் சிறியது ஆர்டிஎக்ஸ் 5050, 8 ஜிபி. அப்போது பணத்தைக் கார்டுக்கு ஒதுக்கி, ராமை 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்காக வாங்கி, அடுத்த முகூர்த்த சீசனில் இன்னொன்று சேருங்கள். கேமராவை ஹெச்எஸ்ஸுக்கு மாற்றலாமே என்று தோன்றும். ஏ7 4, எஃப்எக்ஸ்3 போன்றவற்றில் பால் (PAL, நொடிக்கு 25, 50 ஃபிரேம்) முறையில் ஹெச்எஸ் 4கேவுக்கு 25 ஃபிரேம் கிடையாது, 50இலிருந்துதான் தொடங்கும். எஸ்-லாக் (பின்னால் கலர் சரிசெய்வதற்காக வெளிறலாக எடுக்கும் சோனி முறை) எடுக்காமல் சாதாரண புரொஃபைலில் எடுப்பவர் என்றால் 8 பிட் 4:2:0க்கு இறங்குங்கள். கல்யாண ஆல்பத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எஸ்-லாக் என்றால் 10 பிட்டை விடக்கூடாது, வானமும் சுவரும் பட்டை பட்டையாகப் பிரியும். காசு போதவில்லையா? பிரீமியரில் ப்ராக்ஸி, அதாவது எளிதாக ஓடும் சிறிய நகல் ஃபைல், உருவாக்கி எடிட் செய்யுங்கள். இரவில் ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும். இது மட்டமான வழி இல்லை, பெரிய ஸ்டூடியோக்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

ராம் 32 ஜிபி இருந்தால் நிம்மதி. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் டிடிஆர்4 போர்டு, டிடிஆர்5 போர்டு இரண்டுக்கும் ராமோடு சேர்த்து விலை கேட்டு, குறைந்ததை எடுங்கள். எடிட்டிங்கில் பெரிய வேறுபாடு இராது.

256 ஜிபி எஸ்எஸ்டியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோனியின் 4கே 25 ஃபிரேம் 4:2:2 பதிவு நொடிக்கு 140 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 63 ஜிபி. இரண்டு கேமரா, ஆளுக்கு நாலு மணி நேரம் என்றால் 504 ஜிபி. முகூர்த்தம் ஒன்றே அந்த எஸ்எஸ்டியில் அடங்காது. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குங்கள், அதன் மெமரி சிப்பில் க்யூஎல்சி வகையைத் தவிர்த்து டிஎல்சி கேளுங்கள். க்யூஎல்சியில் பெரிய மெமரி கார்டை மொத்தமாகக் காப்பி செய்யும்போது கொஞ்ச நேரத்தில் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு விழும். ஹார்ட் டிஸ்க் முடிந்த வேலைகளைச் சேமிக்க. இரண்டு இடத்தில் காப்பி ஆகும்வரை மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது.

சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். கோட்டேஷனில் வெறும் 550 வாட்ஸ் என்று இருந்தால் கம்பெனியும் மாடலும் கேட்டு எழுதி வாங்குங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை இருக்கட்டும். யூபிஎஸ் கட்டாயம். கேபினெட்டில் கலர் லைட்டுக்குக் கொடுக்கும் காசை இங்கே போடுங்கள்.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். உங்கள் கிளிப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய், சிஸ்டத்தை எடுக்கும் முன் கடையிலேயே பிரீமியர் டிரையல் போட்டு ஓட்டிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் வீடியோ டிகோட் என்ற கட்டத்தில் கோடு ஏற வேண்டும். அது தரையிலேயே கிடந்து சிபியு மட்டும் எகிறினால், பிரீமியரின் மீடியா அமைப்பில் ஹார்டுவேர் டிகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; ஆகியிருந்தும் ஏறவில்லை என்றால் பணம் கொடுக்காமல் சிப்பின் பெயரை இன்னொரு முறை படியுங்கள்.