ஜன்னலில் ஏரி தெரிந்தால் போதுமா?

கேள்வி: செப்டம்பரில் ஐந்து நாள் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி, மலைப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் போகத் திட்டமிட்டிருக்கிறோம். கணவருக்கு மலை ஏற ஆசை. நானும் கூடப் போவேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு 68 வயது. சமதளத்தில் நன்றாக நடப்பார், ஏற்றம் ஆகாது. எங்களிடம் கார் கிடையாது. பள்ளத்தாக்கு ஒன்றில் ஏரியைப் பார்த்த மாதிரி தனி வீடு கிடைக்கிறது. கணவர் கெஸ்விக் ஊருக்குள் தங்கலாம் என்கிறார். என் தோழி விண்டர்மியர்தான் வசதி என்கிறாள். எதை முடிவு செய்வது?
– ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம்.

தனி வீட்டு ஆசை எனக்கும் இருந்தது. ஒருமுறை அப்படித் தங்கினேன். காலையில் காபியோடு அரை மணி நேரம் ஏரியைப் பார்த்தேன், சொர்க்கம்தான். அப்புறம் பால் தீர்ந்தது. கடைக்கு ஐந்து கிலோமீட்டர். பஸ்ஸைத் தவறவிட்டு, மழையில் ரோட்டோரமாகவே நடந்து திரும்பினேன். அந்தப் பயணத்தில் நான் அதிகம் நடந்தது அந்தத் தார் ரோட்டில்தான். கார் இருந்தால் கதை வேறு.

தோழி சொல்வதிலும் நியாயம் உண்டு. ரயில் விண்டர்மியர் ஊருக்குள்ளேயே போய் நிற்கும். ஆனால் உயரமான மலைகள் அங்கிருந்து தள்ளி இருக்கின்றன. தினமும் பஸ் பிடித்த பிறகுதான் ஏற்றமே தொடங்கும். தெற்குப் பக்கம்தான் வேண்டும் என்றால் விண்டர்மியர் ஏரியின் வடமுனையில் உள்ள ஆம்பிள்சைடு ஊரைப் பாருங்கள். 873 மீட்டர் ஃபேர்ஃபீல்டு மலையைச் சுற்றி வரும் நீண்ட நடை அங்கே ஊரிலிருந்தே தொடங்குகிறது.

கெஸ்விக்குக்கு ரயில் கிடையாது, பாதையை 1972இல் மூடிவிட்டார்கள். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து பென்ரித் வரை ரயில், ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஸ்டேஷன் வாசலிலேயே எக்ஸ்4 அல்லது எக்ஸ்5 பஸ், முக்கால் மணி நேரம். இந்த ஒரு அலைச்சலோடு சரி. அதன் பிறகு அறைக் கதவைப் பூட்டிவிட்டு நடந்தாலே மலை. லாட்ரிக் 368 மீட்டர்தான். காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அதன் தோளைத் தாண்டி அதே பாதையில் போனால் 931 மீட்டர் ஸ்கிடாவ். போய்வர ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாறையில் தொற்றி ஏறும் வேலை இல்லை, ஆனால் உச்சியில் காற்று ஆளைத் தள்ளும்.

டெர்வென்ட்வாட்டர் ஏரி கடைத்தெருவிலிருந்து பத்து நிமிட நடை. மூன்று பேரும் சேர்ந்து போகும் நாளை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஏரியைச் சுற்றி வரும் லாஞ்ச் படகில் ஏறி, நீங்கள் இருவரும் ஹாஸ் எண்ட் துறையில் இறங்கிக் கேட்பெல்ஸ் மலை ஏறலாம். 451 மீட்டர்தானே என்று சும்மா நினைக்க வேண்டாம். உச்சிக்குச் சற்று முன்னால் பலர் ஏறி ஏறி வழுவழுப்பான பாறை வரும். ஈரமாக இருந்தால் இரண்டு கையையும் ஊன்றத்தான் வேண்டும். அதனால் வந்த வழியே இறங்காமல், மலை முதுகு வழியாகவே தெற்கே நடந்து ஹாஸ் கேட் கணவாயில் இறங்கி, பிராண்டல்ஹோ துறைக்கு வந்து லாஞ்சைப் பிடியுங்கள். அம்மா படகிலிருந்து இறங்காமல் ஒரு சுற்று வந்து, கெஸ்விக் துறைக்குப் பக்கத்தில் ஃபிரையர்ஸ் கிராக் என்ற ஏரிக்கரை முனை வரை நடந்துவிட்டு வரட்டும். கடைசி லாஞ்ச் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவர் இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்) ஏறியே தீருவேன் என்றால், 78ஆம் எண் பஸ்ஸில் சீடோலர் போய், அங்கிருந்து சீத்வெயிட் வழியாக நடக்க வேண்டும். முழு நாள் வேலை. சீத்வெயிட்டில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அட்லாண்டிக் ஈரக்காற்று மோதி மேலெழும் மலைகளுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஊர். அதனால் அந்த ஏற்றத்துக்கு முன்கூட்டியே தேதி குறிக்காமல், மலையுச்சி வானிலை அறிக்கை நன்றாக இருக்கும் நாளில் போகச் சொல்லுங்கள். மேகம் இறங்கிவிட்டால் மேலே பாதையே தெரியாது. போனை மட்டும் நம்பாமல் காகித வரைபடமும் காம்பஸும் பையில் இருக்கட்டும். ஆபத்து என்றால் 999க்கு அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும்.

மழை நாளில்தான் சந்தை ஊரின் அருமை தெரியும். 1276 முதல் சந்தை உரிமை பெற்ற ஊர் இது. வியாழனும் சனியும் ஊர் நடுவில் மூட் ஹால் என்ற பழைய மன்றக் கட்டடத்தைச் சுற்றிக் கடை போடுகிறார்கள். அந்தக் கட்டடத்துக் கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள்தான், அம்மாவிடம் காட்டுங்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் கிடைத்த கிராஃபைட்டால் வளர்ந்த பென்சில் தொழிலுக்கென்று ஒரு அருங்காட்சியகமும் உண்டு. மழை விட்டால், பழைய ரயில் பாதை இப்போது நடைபாதை. ஆற்றோடு சேர்ந்தே த்ரெல்கெல்ட் கிராமம் வரை சுமார் ஐந்து கிலோமீட்டர், லேசான சரிவுதான், செங்குத்தான ஏற்றம் இல்லை. திரும்ப பஸ் இருக்கிறது. நீங்கள் மலையில் இருக்கும் நாளில் அம்மா யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

புதன் போய் ஞாயிறு திரும்பினால் இரண்டு சந்தை நாளும் கிடைக்கும். அறை பதிவு செய்யும்போது, நனைந்த பூட்ஸும் ஜாக்கெட்டும் காயவைக்கத் தனி அறை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு விடுதி பாருங்கள்.