உண்ணிக் காய்ச்சல் வந்த மாட்டுக்கு இதயப் பரிசோதனை

கேள்வி: எங்கள் கலப்பின ஜெர்சி மாட்டுக்குப் போன மாதம் தைலேரியா என்ற உண்ணிக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டதும் காய்ச்சல் விட்டது. ஆனால் தண்ணீர்த் தொட்டி வரை நடந்தாலே மூச்சு இளைக்கிறது, நெஞ்சில் வீக்கமும் தெரிகிறது. அப்பாவுக்கு பிஎன்பி என்று ரத்தப் பரிசோதனை செய்து இதயம் பலவீனம் என்றார்கள். மாட்டுக்கும் அதைச் செய்யலாமா?

பதில்: காய்ச்சல் விட்ட பிறகும் இளைப்பு நிற்கவில்லை என்றால் இதயத்தைப் பார்க்கத்தான் வேண்டும். உண்ணி கொண்டுவரும் தைலேரியா கிருமி முதலில் வெள்ளணுவிலும் பிறகு சிவப்பணுவிலும் புகுந்துகொள்கிறது. சிவப்பணுக்கள் அழிந்து ரத்தம் வெளிறிப்போக, இருக்கும் ரத்தத்தை வைத்தே உடம்பைச் சமாளிக்க இதயம் வேகமாக அடிக்கிறது. அந்த இதயத் தசைக்கும் பிராணவாயு போதாமல் அதுவும் அடிபடுகிறது.

இதய அறைகள் நிரம்பி இழுபடும்போது அவற்றின் தசையே சில ஹார்மோன்களைச் சுரந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்குத் தகவல் அனுப்பும். அவற்றில் ஒன்றுதான் பிஎன்பி. 1988-ல் பன்றியின் மூளையில் முதலில் கிடைத்ததால் பெயரில் ‘பி’ (பிரெய்ன்) என்று மூளை ஒட்டிக்கொண்டது, சுரப்பது பெரும்பாலும் இதயம்தான். தென் அமெரிக்காவில் சாகஸ் நோய் என்ற ஒட்டுண்ணி நோய் மனிதர்களின் இதயத்தைப் பல வருடம் கழித்துப் பெரிதாக்கிவிடும். அங்கே இந்த ஹார்மோன் அளவு நல்ல அடையாளமாக உதவுகிறது.

ஆனால் உங்கள் மாட்டுக்கு இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். மாட்டின் பிஎன்பி அமைப்பு மனிதருடையதிலிருந்து வேறுபட்டது. மனிதருக்கான கிட் அதைச் சரியாக அடையாளம் காணாது, வரும் எண்ணை நம்பி மருந்து கொடுக்க முடியாது. ட்ரோபோனின் என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது வேறு வகை. ட்ரோபோனின் என்பது இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம், மாட்டிலும் மனிதரிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தைலேரியா தாக்கிய மாடுகளில் அது உயர்வதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மாதம் ஆகிவிட்டதால், இப்போது அளவு குறைவாக வந்தாலும் இதயம் தப்பித்தது என்று அர்த்தமில்லை.

முதலில் கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் காகிதம் போல வெளுத்திருந்தால் சோகை இன்னும் தீரவில்லை. கால்நடை மருத்துவரிடம் மறுபடி ரத்தப் பூச்சும் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் கிருமி தேடுவது) ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமி மிச்சமிருந்தால் அதற்கு மருந்து தொடர வேண்டும்.

அப்புறம் அந்த வீக்கம். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், குழி அப்படியே நின்றால் அது நீர். கூடவே கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்து, மாடு முழங்கையை வெளியே தள்ளி நின்று முனகினால் எனக்குத் தைலேரியாவைவிட விழுங்கிய கம்பி மேல்தான் சந்தேகம் வரும். வயிற்றிலிருந்து கம்பி குத்தி இதய உறையில் சீழ் பிடித்தாலும் இப்படித்தான் இருக்கும். தாமதிக்காமல் ஸ்கேன் வசதி உள்ள கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கல்லூரிகள் இருக்கின்றன. தாடைக்குக் கீழே மட்டும் வீக்கம் என்றால் குடற்புழுவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாடு சோர்ந்திருக்கிறதே என்று குளுக்கோஸ் பாட்டிலை வேகமாக ஏற்ற மட்டும் விடாதீர்கள். பலவீனமான இதயம் அந்த நீரைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கும். மேய்ச்சலுக்கு ஓட்டாமல் நிழலில் கட்டி, தீவனமும் தண்ணீரும் அங்கேயே வையுங்கள். வாலின் அடிப்பக்கம் விரல் வைத்து, காலையில் மாடு ஓய்வாக நிற்கும்போது ஒரு நிமிடம் நாடி எண்ணுங்கள். பெரிய மாட்டுக்கு 60 முதல் 80 வரை சரி. தினமும் நூறைத் தாண்டினால் அந்தக் குறிப்பையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.