கேளுங்கள், சொல்கிறேன்: மார்னர் போன பிறகு மேப்பிள் லீஃப்ஸ்

கேள்வி: ஐஸ் ஹாக்கி வீரர் மிட்ச் மார்னர் டொராண்டோவை விட்டு வேகஸ் அணிக்குப் போய்விட்டார். 2025-26 சீசனில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் தேறுமா? 1967-க்குப் பிறகு லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையே இல்லை என்று என் மகன் புலம்பித் தள்ளுகிறான்.
- ஸ்கார்பரோ வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் மகனோடு உட்கார்ந்து புலம்ப எனக்கும் ஓர் இடம் போடச் சொல்லுங்கள். 2025 மே 18 இரவு, லீக் சுற்றுக்குப் பிந்தைய பிளே ஆஃபில் ஃப்ளோரிடா அணியுடன் ஏழாவது ஆட்டம்; தொடரை முடிவு செய்யும் ஆட்டம். மூன்று கோல் பின்தங்கியிருந்தபோது, கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் நம் மாக்ஸ் டோமி ஒன்று போட்டார். 'ஆரம்பிச்சாச்சு' என்று எழுந்து நின்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஃப்ளோரிடா நாலாவதைப் போட்டுவிட்டது. முடிவு 6-1. அரங்கில் சிலர் ஜெர்சியைக் கழற்றிப் பனித்தளத்தில் வீசினார்கள். நான் டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

ஆனால் லீக் சுற்றில் 52 ஆட்டம் வென்று, 108 புள்ளியோடு அட்லாண்டிக் பிரிவில் முதலிடம் பிடித்ததும் இதே அணிதான். ஆகவே ஒருவர் போனதால் எல்லாம் போயிற்று என்று நான் நினைக்கவில்லை. எங்கே அடி விழும் என்பதுதான் கேள்வி.

கோல் போட ஆள் இருக்கிறது. போன சீசனில் நைலாண்டர் 45, தவாரெஸ் 38. எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் குறைவு. கோல் போட்டாலும், கோலுக்குக் கைகொடுத்தாலும் வீரருக்கு ஒரு புள்ளி. மார்னரின் 102 புள்ளிகளில் 75, பிறர் கோலுக்கு அவர் கைகொடுத்தவை. எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் பிளேயில் அவரைக் கவனித்திருக்கிறீர்களா? பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல ஒரு கணம் நிற்பார். எதிரணிக்காரரின் மட்டை அரையடி நகரும். அந்த அரையடி இடைவெளியில் பக் போய்விடும். அவருக்கு ஈடாக வேகஸிலிருந்து வந்த நிக்கோலா ருவா நல்ல உழைப்பாளி, ஆனால் அந்த வித்தை அவருடையதல்ல. யூட்டாவிலிருந்து வந்த மச்செல்லிக்கு அது கொஞ்சம் கைவரும். 2023-24-ல் 57 புள்ளி எடுத்தவர், அடுத்த சீசனில் 18-க்குச் சரிந்தார். எந்த மச்செல்லி வருவார் என்று பார்க்க வேண்டும்.

கோல் போடும் நட்சத்திரம் மத்யூஸ்? 2023-24-ல் 69 கோல். போன முறை காயத்தால் 67 ஆட்டம்தான், 33 கோல். அவர் உடம்பு ஒத்துழைத்தால் பாதிக் கவலை தீரும்.

மீதிக் கவலை கோல்கீப்பர்கள். போன சீசனில் ஸ்டோலார்ஸ் எதிரணி அடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டுக்கு மேல் தடுத்தார், லீக்கிலேயே சிறந்த விகிதம். ஆனால் ஆடியது 34 ஆட்டம்தான். ஃப்ளோரிடா தொடரின் முதல் ஆட்டத்திலேயே தலையில் முழங்கை பட்டு வெளியே போனார்; அதன்பின் அந்தத் தொடரில் வலைக்கு முன் நிற்கவே இல்லை. மாற்றாள் வோலும் ஒரு சீசன் முழுக்கச் சுமந்தவரல்ல. எல்லாரும் மார்னரைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இதுதான் உறுத்துகிறது.

சரி, என் கணிப்பு: பிரிவில் முதலிடம் கிடைக்காது. பிளே ஆஃப் இடத்துக்கே மார்ச், ஏப்ரல் வரை மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: மார்னரை விட்டதில் மிச்சமான பணத்துக்கு இன்னொரு நட்சத்திரத்தை வாங்கியிருக்கலாமே?
- மார்க்கம் வாசகி ஒருவர்

பதில்: ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு; 2025-26 சீசனுக்கு 95.5 மில்லியன் அமெரிக்க டாலர். வேகஸ் மார்னருக்கு வருஷம் 12 மில்லியன் வீதம் எட்டு வருஷம் தருகிறது. இங்கே மிச்சமானதில் பெரிய பங்கு நம் இளம் முன்கள வீரர் மத்யூ நைஸுக்குப் போயிற்று, வருஷம் 7.75 மில்லியன். அப்புறம், கையில் காசு இருந்தாலும் கடையில் சரக்கு இருக்க வேண்டுமே? ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான ஜூலைச் சந்தையில் மார்னருக்கு இணையாக வேறு யாரும் இல்லை.

உண்மையான லாபம் தவாரெஸ். வருஷம் 11 மில்லியன் வாங்கியவர், 4.38 மில்லியன் வீதம் நான்கு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 2018-ல் இங்கே சேர்ந்த அன்று அவரே ஒரு பழைய போட்டோவை வெளியிட்டார்: சின்னப் பையனாக அவர், லீஃப்ஸ் சின்னம் போட்ட படுக்கை விரிப்பில் தூங்குகிறார். டொராண்டோ பக்கம் வளர்ந்தவர் அவர்; வெளியூர்க்காரர் யாராவது இந்தச் சம்பளத்துக்குச் சம்மதித்திருப்பாரா, சொல்லுங்கள்.